இருதலைக் கழுகு: அலாஜா ஹூயுக் முதல் மைசூர் வரை ஒரே மரபா?

கல்நிழல் எழுதியது:

துருக்கியின் நடுப்பகுதியில் அலாஜா ஹூயுக் என்று ஓர் ஊர். அந்த நாட்டை முன்பு ஆண்ட ஹிட்டைட் பேரரசின் காலத்துக் கோட்டை வாசலில் இரண்டு பெரிய ஸ்பிங்ஸ் சிலைகள் நிற்கின்றன. அவற்றில் ஒன்றின் உட்பக்கக் கல்லில் ஒரு கழுகு செதுக்கப்பட்டிருக்கிறது. உடல் நம்மை நேராகப் பார்க்கிறது. இறக்கைகள் இருபுறமும் விரிந்திருக்கின்றன. கழுத்து இரண்டாகப் பிரிந்து ஒரு தலை இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் திரும்பியிருக்கிறது. காலுக்கு ஒன்றாக இரண்டு முயல்கள். காலம் கி.மு. 14 அல்லது 13ஆம் நூற்றாண்டு.

இதே உருவத்தைப் பிறகு இன்றைய பாகிஸ்தானில் உள்ள தட்சசீலத்தின் சிர்காப்பில் பார்க்கிறோம். துருக்கியின் கோன்யா நகரத்துக் கோட்டைச் சுவரில், கிரீஸில் மிஸ்த்ரா தேவாலயத்துத் தரைக்கல்லில், மாஸ்கோ அரசர்களின் முத்திரையில், கடைசியாக மைசூர் உடையார்களின் அரசச் சின்னத்தில். கர்நாடக அரசின் இன்றைய சின்னத்திலும் அதுதான் நடுவில் நிற்கிறது.

இதற்கு இணையத்தில் ஒரே பதில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது: சுமேரியாவின் லகாஷ் நகரில் பிறந்தது, அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது, கிழக்கையும் மேற்கையும் சேர்த்து ஆளும் அதிகாரத்தின் அடையாளம். இதில் பிறப்பிடம் பற்றிச் சொல்வதும் சரியில்லை, பொருள் பற்றிச் சொல்வதும் சரியில்லை என்பது என் எண்ணம். சில இடங்களுக்கு இந்த வடிவம் பயணம் செய்து வந்திருக்கிறது, சில இடங்களில் தானே தோன்றியிருக்கிறது. பொருளை மட்டும் ஒவ்வொரு நாடும் தன் கையாலேயே ஊற்றி நிரப்பியிருக்கிறது. கல், காசு, தறி, ஏடு என்று ஒவ்வொன்றிலும் தேர்ந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் பக்கத்துச் சான்றுகளை வையுங்கள்.

சுட்டகளிமண் எழுதியது:

லகாஷிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் குழப்பத்தின் வேர் அங்கேதான்.

லகாஷில் இருப்பது இருதலைக் கழுகு இல்லை. சிங்கமுகக் கழுகு. அன்சு என்பது அதன் பெயர், பழைய ஆய்வுகளில் இம்துகுத் என்று எழுதியிருப்பார்கள். தலை ஒன்றே ஒன்று. அதன் கால்களில் அகப்பட்ட விலங்குகள்தான் இரண்டு. லகாஷின் அரசன் என்தெமேனா நிங்கிர்சு தெய்வத்துக்குக் காணிக்கையாகக் கொடுத்த வெள்ளிக் குடம் இப்போது லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, சுமார் கி.மு. 2400. குடத்தின் வயிற்றைச் சுற்றி அன்சு நான்கு முறை வருகிறது. இரண்டிடத்தில் சிங்கச் சோடி, ஓரிடத்தில் மான் சோடி, இன்னோரிடத்தில் காட்டாட்டுச் சோடி. அதோடு நிற்கவில்லை. கழுகின் பிடியில் இருக்கும் சிங்கம் பக்கத்து மானின் முகத்தைக் கவ்வுகிறது, அடுத்த சிங்கம் பக்கத்து ஆட்டின் முகத்தை. குடத்தைத் திருப்பிக்கொண்டே போனால் எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று சொல்ல முடியாது. சோடியை வைத்து ஒரு வளையம் கட்டியிருக்கிறான் அந்தக் கைவினைஞன். 4400 ஆண்டுக்கு முன் இப்படி ஒரு மூளை!

இதற்கு முந்தியது உபைதில் கிடைத்த செம்புப் பலகை. நின்ஹுர்சாக் கோயிலைச் சேர்ந்தது, 1919இல் ஹால் தோண்டியெடுத்தார், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுமார் கி.மு. 2500, நீளம் இரண்டரை மீட்டருக்குச் சற்று மேல். நடுவில் அன்சு, இரண்டு பக்கமும் கலைமான்கள், ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிற்கின்றன. கழுகின் தலை மேல்சட்டத்தைத் தாண்டி வெளியே நம்மை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும்.

அந்தத் தலையைத்தான் கவனிக்க வேண்டும். இறக்கை விரித்த பறவையை நேர்முகமாக வரைந்தால் இடமும் வலமும் அச்சாக ஒத்துப்போகும். தலையில் வந்ததும் சிக்கல். கழுகை முன்னாலிருந்து பார்த்தால் அலகு தெரியாது, அலகு தெரியாவிட்டால் கழுகென்று யார் நம்புவார்கள்? பக்கவாட்டில் திருப்பினால் சமநிலை போய்விடும். சுமேரியர்கள் சிங்கமுகத்தை வைத்தார்கள். சிங்கம் நேராகப் பார்த்தாலும் சிங்கம்தான். அனத்தோலியாவில், அதாவது இன்றைய துருக்கியில், அலகை விடாமல் தலையை இரண்டாக்கினார்கள். ஒரே சிக்கலுக்கு இரண்டு நாட்டார் கண்ட இரண்டு வழிகள் என்றே நான் இதைப் பார்க்கிறேன்.

பிரீமேசன்கள் என்ற சகோதர சங்கத்தின் ஸ்காட்டிஷ் ரைட் பிரிவு தன் சின்னத்துக்கு 'லகாஷின் இருதலைக் கழுகு' என்று பெயர் வைத்துக்கொண்டது. இணையத்தில் சுற்றும் கதைக்கு அந்தப் பெயர்தான் வழி.

புதுவாசகி எழுதியது:

அருமையான விளக்கம் ஐயா. ஆனால் ஒரு சந்தேகம். இது வெறும் வரைகலைச் சிக்கலா? கோட்டை வாசலில் செதுக்கும் அளவுக்கு முக்கியமான உருவம் தெய்வத்தோடு தொடர்பில்லாமல் இருக்குமா? அலாஜா ஹூயுக்தான் முதல் இருதலைக் கழுகா?

கல்நிழல் எழுதியது:

முதல் இல்லை அம்மா. அதற்குப் பல நூற்றாண்டு முன்பே, அசீரிய வணிகர்கள் குடியிருந்த கூல்தெபேயில், கி.மு. 2ஆம் ஆயிரத்தின் தொடக்க நூற்றாண்டுகளைச் சேர்ந்த முத்திரைகளில் இருதலைப் பறவை வந்துவிட்டது. முத்திரை என்றால் விரல்நுனி அளவு. அங்கிருந்து கோட்டை வாசல் அளவுக்கு அது வளர்ந்திருக்கிறது.

தெய்வத் தொடர்புக்கு யாசிலிகாயாவைச் சொல்கிறேன். ஹிட்டைட் தலைநகர் ஹத்துசாவுக்குப் பக்கத்தில் பாறைகளுக்கு நடுவே திறந்தவெளிக் கோயில். பெரிய அறையின் பாறைச் சுவரில் ஒரு பக்கம் ஆண் தெய்வங்கள் வரிசையாக வர, மறுபக்கத்திலிருந்து பெண் தெய்வங்கள் வருகிறார்கள். நடுவில் புயல் தெய்வம் தெசுப்பும் அவன் மனைவி ஹெபாத்தும் எதிரெதிராகச் சந்திக்கிறார்கள். ஹெபாத் ஒரு சிறுத்தையின் மேல் நிற்கிறாள். அவள் பின்னால் மகன் சர்ருமா, அவனும் ஒரு சிறுத்தையின் மேல். அவனுக்குப் பின்னால் இரண்டு பெண் தெய்வங்கள். புயல் தெய்வத்தின் மகளும் பேத்தியும் என்று படிக்கிறார்கள். இந்த இருவருக்கும் சேர்த்து ஒரே வாகனம், இருதலைக் கழுகு. விரிந்த இறக்கைக்கு ஒருவராக நிற்கிறார்கள்.

முன்னால் இருப்பவர்களுக்கு ஆளுக்கொரு விலங்கு. இந்த இருவருக்கு மட்டும் இரண்டு தலையுள்ள ஒன்று. வரைகலைச் சிக்கலிலிருந்து பிறந்த வடிவம் என்றே வைத்துக்கொள்வோம். அதைக் கையில் எடுத்தவன் இரு தெய்வங்களைப் பிரிக்காமல் காட்ட இதைவிடப் பொருத்தமானது இல்லை என்று கண்டிருக்கிறான். வடிவம் முன்னே வந்து பொருள் பின்னே ஏறுவதை இந்த ஒரு பாறையிலேயே பார்க்கலாம்.

தறிமேடை எழுதியது:

காஞ்சிபுரத்திலிருந்து எழுதுகிறேன், எங்கள் வீட்டில் தலைமுறையாகப் பட்டுத்தறி. இருதலைப் பட்சி எங்கள் பார்டரில் பழைய உரு. மயில், அன்னம், யாளி, இருதலைப் பட்சி என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டே போவார்கள். சுட்டகளிமண் ஐயா சொன்ன இட வல ஒப்புமைக்குத் தறியில் ஒரு நேரடிக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் இந்தப் பேச்சு முழுமையாகாது.

தறியின் மேல் ஓட்டை போட்ட அட்டைகளால் ஓடும் ஜக்கார்டு பெட்டியில் கொக்கிகள் இருக்கும். அட்டையில் ஓட்டை இருந்தால் கொக்கி எழும், கொக்கியில் தொங்கும் நூல் நெடுக்கே ஓடும் பாவு இழையைத் தூக்கும், அந்த இடைவெளியில் குறுக்கே ஜரிகை ஊடை போகும். ஒரு கொக்கிக்கு ஓர் இழை என்று கட்டினால் 240 கொக்கிப் பெட்டியில் 240 இழை அகலத்துக்குத்தான் உரு வரும். அதே கொக்கியிலிருந்து இரண்டு நூலை இறக்கி, ஒன்றை நடுக்கோட்டுக்கு இடப்பக்கத்து இழையிலும் மற்றொன்றை அதே தூரத்தில் வலப்பக்கத்து இழையிலும் கட்டிவிட்டால் அகலம் ஏறக்குறைய 480 இழையாகிவிடும். கிராப் தாளில் பாதி உருவை மட்டும் வரைந்தால் போதும், மறுபாதி தறியிலேயே கண்ணாடி போலத் திரும்பி விழும். அட்டை குத்தும் வேலையும் பாதி, செலவும் பாதி.

இப்படிக் கட்டிய தறியில் ஒற்றைத்தலைப் பறவையை நேர்முகமாக நெய்யவே முடியாது. தலையை வலப்பக்கம் திருப்பினால் இடப்பக்கமும் ஒரு தலை தானாக விழும். ஒன்று, இரண்டு தனிப் பறவைகளை எதிரெதிராக உட்கார வைக்கலாம். இல்லையென்றால் ஓருடலில் இரண்டு தலை. மூன்றாவது வழி தறிக்குக் கிடையாது.

ஜக்கார்டு 1804இல் லியோனில் வந்தது. அதற்கு முன் உருவுக்கான நூல்களைக் கையால் இழுத்துத் தருவதற்குத் தறியோடு ஓர் ஆள் இருப்பார். எங்கள் ஊரில் அதை அடை என்பார்கள். பாரசீகத்திலும் பைசாந்தியத்திலும் ஸ்பெயினிலும் இருந்த பழைய இழுப்புத்தறிகளிலும் இதே கணக்குதான், பாதி உருவுக்கு நூல் கட்டி மறுபாதியைத் திருப்பிவிடுவார்கள். அந்தக் காலத்துப் பட்டுகளில் வட்டத்துக்குள் எதிரெதிராக நிற்கும் பறவைச் சோடிகளும் சிங்கச் சோடிகளும் ஏன் அவ்வளவு நிறைந்து கிடக்கின்றன என்பதற்கு இது பெரிய காரணம்.

கல்நிழல் எழுதியது:

தறிமேடை, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்ன ஸ்பெயின் பட்டுக்கு ஒரு பொருளே சாட்சி இருக்கிறது. கத்தலோனியாவின் விக் நகரத்து ஆயர் பெர்னாத் கல்போ 1243இல் இறந்தார். அவர் கல்லறையில் கிடைத்த பட்டுத் துண்டுகளில் ஒன்றில் இருதலைக் கழுகு வரிசையாக நிற்கிறது, ஒவ்வொரு காலிலும் ஒரு சிங்கம். நெய்தது முஸ்லிம் ஆட்சியில் இருந்த அந்தலூசில், போர்த்திக்கொண்டு போனது ஒரு கிறித்தவ ஆயர். பொருள் எதுவாக இருந்தாலும் எல்லையைத் தாண்டும்போது சுங்கச்சாவடியில் அதை யாரும் கேட்கவில்லை, பட்டு நல்ல பட்டாக இருந்தால் போதும்.

செப்புக்காசு எழுதியது:

தறிக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் அதைக் கல்லுக்கும் காசுக்கும் அப்படியே நீட்டக் கூடாது. காசு அச்சை வெட்டுகிறவனுக்கு ஒற்றைத் தலையும் இரட்டைத் தலையும் ஒரே உழைப்புதான். ஆகவே காசில் வந்தால் அவன் விரும்பி வைத்தான் என்று பொருள்.

ஒரு பிரிவினையும் தேவை. ஓருடல் இருதலை வேறு, இரண்டு கழுகுகள் வேறு. கிரேக்க உலகம் இரண்டாவதைத்தான் நேசித்தது. சிசிலியின் அக்ரகாஸ் நகரம் கி.மு. 410ஐ ஒட்டி வெளியிட்ட வெள்ளிக் காசுகளில் செத்த முயலின் மேல் இரண்டு கழுகுகள் நிற்கின்றன. ஒன்று தலையை வானுக்கு உயர்த்திக் கத்துகிறது, மற்றது இரைமேல் குனிகிறது. ஒன்று நிமிர, ஒன்று குனிய. இதில் கண்ணாடிச் சமநிலை துளியும் இல்லை, உயிர்ச் சோடி. இதை வெட்டிய கைக்குப் பறவையைத் தெரியும். கி.மு. 406இல் கார்த்தேஜ் அந்த நகரத்தை அழித்தது. அழிவுக்கு முந்தைய சில ஆண்டுகளின் வேலை இது.

சீசிகஸ் நகரத்து எலெக்ட்ரம் (பொன்னும் வெள்ளியும் கலந்த உலோகம்) காசில் டெல்பியின் தொப்புள்கல்லுக்கு இருபுறமும் இரண்டு கழுகுகள். சியூஸ் உலகத்தின் இரு முனைகளிலிருந்து இரண்டு கழுகுகளைப் பறக்கவிட்டான், அவை சந்தித்த இடம் டெல்பி என்ற கதை நமக்குத் தெரியும். அங்கே இரண்டு என்பது உலகத்தின் நடுவை அளக்கும் அளவுகோல். எகிப்தின் தாலமி அரசர்கள் வெண்கலக் காசில் இரண்டு கழுகுகளைப் பக்கம் பக்கமாக நிறுத்தினார்கள். இருவர் சேர்ந்து ஆண்ட காலத்தைக் குறிக்கிறது என்று பலர் படிக்கிறார்கள், எல்லாரும் ஒப்புக்கொண்டதில்லை.

ஓருடல் இருதலை காசில் அழுத்தமாக வருவது 12, 13ஆம் நூற்றாண்டுகளில், தென்கிழக்கு அனத்தோலியாவை ஆண்ட ஆர்துக்கியர் என்ற துருக்கிய அரசகுலத்தின் செப்புக் காசில். இதில் எனக்குப் பிடித்தவர் நசீருத்தீன் மஹ்மூத். அவர் காசிலும் இருதலைக் கழுகு இருக்கிறது. 1208இல் தியார்பக்கிர் கோட்டையில் அவர் எழுப்பிய உலு பெதன், யெதி கர்தெஷ் என்ற இரண்டு பெரிய கொத்தளங்களிலும் அதே பறவை கல்லில் இருக்கிறது. கைக்குள் அடங்கும் செம்பிலும் வானளாவிய கருங்கல்லிலும் ஒரே அரசன் ஒரே பறவையை வைக்கிறான். இது அலங்காரத்துக்கு மேற்பட்ட ஒன்று.

துங்கபத்ரை எழுதியது:

நான் சிவமொக்காவில் வேலை பார்க்கிறேன். கண்டபேருண்டம், அதாவது கன்னட நாட்டின் இருதலைப் பறவை, எங்கள் மாவட்டத்தில்தான் காலூன்றி நிற்கிறது என்று சொல்லலாம்.

பள்ளிகாவி. ஷிகாரிபுரா தாலுகாவில் ஊருக்குள்ளேயே உயரமான ஒற்றைக்கல் தூண், சுமார் 30 அடி. உச்சியில் பேருண்டேசுவரர். 1047இல் சாளுக்கிய அரசன் முதலாம் சோமேசுவரனுக்குக் கீழிருந்த சாமுண்டராயரசன் நிறுவியது. படங்களில் பார்க்கும் பறவையை எதிர்பார்த்துப் போகாதீர்கள், அது மனித உடல். கழுத்துக்கு மேல்தான் இரண்டு பறவைத் தலைகள். இறக்கை விரித்த அச்சு உருவம் இன்னும் வரவில்லை அல்லது இங்கே வேண்டப்படவில்லை. பட்டுத்துணி வழியாகப் படம் வந்து அப்படியே நகலெடுக்கப்பட்டது என்பவர்களுக்குப் பள்ளிகாவித் தூண் நல்ல பதில். இங்கே முதலில் இருப்பது ஒரு தெய்வம்.

அடுத்து பேலூர். விஷ்ணுவர்த்தனன் 1117இல் எழுப்பிய சென்னகேசவர் கோயிலில் ஒரு சங்கிலிச் சிற்பம் உண்டு. மானை மலைப்பாம்பு பிடிக்கிறது, பாம்பை யானை, யானையைச் சிங்கம், சிங்கத்தைச் சரபம், சரபத்தைக் கண்டபேருண்டம். ஒரு முனிவர் இந்த அழிவைத் திகைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். லகாஷ் குடத்தின் வளையத்தைப் படித்ததும் இதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் அங்கே சுற்று முடிவதேயில்லை; இங்கே ஏணி, அதன் உச்சிப் படியில் கண்டபேருண்டம்.

விஜயநகரத்தின் அச்சுததேவராயன், ஆட்சி 1529 முதல் 1542 வரை, இதைப் பொன்னில் வைத்தான். சுமார் 1.7 கிராம் எடையுள்ள அரை வராகன். அந்தத் துளியூண்டு பரப்பில் கண்டபேருண்டம் அலகுகளிலும் கால்களிலும் யானைகளைத் தூக்கிக்கொண்டிருக்கிறது. பின்பக்கம் நாகரி எழுத்தில் ஸ்ரீ பிரதாபாச்யுதராய. கெளதி இராமேசுவரர் கோயில் விதானத்திலும் இதே வேகம். யானையைத் தூக்கும் பறவை என்றால் அதற்கு மேல் யார்? இங்கே பொருள் தெளிவானது, வலிமையின் எல்லை. கிழக்கு மேற்கு என்ற பேச்சே கன்னட நாட்டில் இல்லை.

அகப்பாட்டு எழுதியது:

வலிமையின் எல்லை என்கிறார் துங்கபத்ரை. தமிழில் இந்தப் பறவை முதலில் வருவது வேறு முகத்தோடு.

அகநானூறு 12, கபிலர் பாட்டு. தோழி தலைவனிடம் பேசுகிறாள். தாய்க்கு மகள் கண்ணைவிட உயர்ந்தவள், தந்தையோ அவள் கால் நிலத்தில் படவும் பொறுக்கமாட்டான் என்று சொல்லிவிட்டு, தனக்கும் அவளுக்கும் உள்ள உறவைச் சொல்கிறாள்:

யாமே, பிரிவின்று இயைந்த துவரா நட்பின்
இருதலைப் புள்ளின் ஓருயிர் அம்மே

தலை இரண்டு, உயிர் ஒன்று. இரையில்லை, யானையில்லை, அரசனில்லை. இரண்டு பெண்களின் நட்பைச் சொல்ல வந்த பறவை. தோழி இதை விளக்கவும் இல்லை, போகிற போக்கில் சொல்கிறாள். கேட்கிறவனுக்குத் தெரிந்திருந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும். ஆக, சங்க காலத்துத் தமிழ் மக்களிடம் இருதலைப் புள் பழகிய பேச்சாக இருந்திருக்கிறது. அந்தக் காலத்துக் கற்சிற்பம் எதுவும் இதற்குத் துணை வேண்டியதில்லை, பேச்சே சான்று.

பஞ்சதந்திரத்தில் இதே பறவைக்கு நேர்எதிர்க் கதை. பாருண்டப் பறவைக்கு வயிறு ஒன்று, கழுத்து இரண்டு. ஒரு தலைக்கு அமுதம் போன்ற கனி கிடைக்கிறது. மற்றொரு தலை கேட்டும் கொடுக்கவில்லை. அது கோபத்தில் நஞ்சைத் தின்கிறது, பறவை முழுவதும் சாகிறது. ஒரே உடலமைப்பை வைத்துக் கபிலர் ஒற்றுமையைச் சொன்னார், கதைசொல்லி பிளவைச் சொன்னான். கல்நிழல் கேட்ட கேள்விக்கு இதைவிட நேரான பதில் கல்லில்கூடக் கிடைக்காது என்று நினைக்கிறேன். இந்த இரண்டு வரிக்காகவே நான் இந்தப் பறவையை நேசிக்கிறேன்.

வன்னிக்காற்று எழுதியது:

எல்லாரும் எழுதினதை ஒரே மூச்சில வாசிச்சு முடிச்சன். இலங்கைப் பக்கத்தையும் சேர்த்துவிடுறன்.

கண்டிக்குக் கிட்ட, பேராதனையில இருந்து கொஞ்சத் தூரத்தில எம்பக்கே தேவாலயம் இருக்குது. கம்பளை இராச்சிய காலம், 14ஆம் நூற்றாண்டு, கதிர்காமத் தெய்வத்துக்கு எடுத்த கோயில். மேளகாரர் மண்டபத்துத் தூண்கள் முழுக்க மரம். ஒவ்வொரு தூணின்ர பக்கங்களிலயும் சதுரச் சட்டத்துக்குள்ள ஒரு உருவம். பின்னிக்கொண்ட அன்னங்கள், கட்டிப்பிடிச்சு மல்லுக்கட்டுற ஆக்கள், ஆடுற பெண்கள், இருதலைக் கழுகு. சிங்களத்தில பேருண்ட பக்ஷி எண்டு சொல்லுவினம்.

நீங்கள் எல்லாரும் கழுகை மட்டும் தனியா எடுத்துக் கதைக்கிறியள். எம்பக்கேயில அது தனியா இல்லை. அன்னமும் சோடி, மல்லரும் சோடி, கழுகும் சோடி. சதுரத்தை நிரப்ப ரெண்டு உடம்பைப் பின்னுறது அந்தத் தச்சருக்குக் கை வந்த வித்தை. அன்னத்தில கழுத்து ரெண்டும் முறுக்கிக்கொள்ளுது, கழுகில கழுத்து ரெண்டும் விலகுது. அந்த மண்டபத்தில நிண்டு பார்த்தால் இருதலைக் கழுகு ஒரு அரசச் சின்னமாத் தெரியாது, சோடி உருவங்களின்ர குடும்பத்தில ஒரு பிள்ளையாத்தான் தெரியும்.

புதுவாசகி எழுதியது:

வன்னிக்காற்று சொன்னது புதிய பார்வை, நன்றி. பைசாந்தியம், ரஷ்யா பற்றி யாரும் தொடவில்லையே? கிழக்கும் மேற்கும் என்ற விளக்கம் அங்கிருந்துதானே வருகிறது?

சுட்டகளிமண் எழுதியது:

ஆமாம், ஆனால் அங்கேயும் பின்னால் ஒட்டியதுதான். பைசாந்தியத்தின் கடைசி அரசகுலமான பாலையலோகஸ் குலத்தின் காலத்தில் அரச உடைகளிலும் கட்டடங்களிலும் இருதலைக் கழுகு வருகிறது. மிஸ்த்ராவின் புனித தெமெத்ரியோஸ் தேவாலயத்துத் தரைக்கல்லைக் கல்நிழல் சொன்னார். கடைசிப் பேரரசர் 11ஆம் கான்ஸ்தந்தீன் 1449இல் அங்கேதான் முடிசூடினார் என்பது அவ்வூர் மரபு. அந்த நேரத்தில் பேரரசு கான்ஸ்தாந்திநோபிளும் பெலப்பொனேசின் ஒரு பகுதியுமாகச் சுருங்கிவிட்டது. கிழக்கும் மேற்கும் ஆள அங்கே என்ன இருந்தது?

மேற்கே சிகிஸ்முந்த் 1433இல் புனித ரோமப் பேரரசராக முடிசூடியபின் இருதலைக் கழுகைப் பேரரசுக்கு உரியதாக்கினார், ஒற்றைத்தலைக் கழுகு அரசருக்கு என்று ஆனது. அங்கே இரண்டாவது தலை பதவிப்படியைக் காட்டும் குறி. மாஸ்கோவின் மூன்றாம் இவான் 1472இல் சோபியா பாலையலோகினாவை மணந்தார். முத்திரையில் கழுகு வருவது 1497இல். மனைவி வழியாக வந்ததா, ஹாப்ஸ்பர்க் பேரரசரோடு சமமாக நிற்க எடுத்ததா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். 25 ஆண்டு இடைவெளியைப் பார்த்தால் இரண்டாவதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ரஷ்யச் சின்னத்திலிருந்து 1917இல் போன கழுகு 1993இல் திரும்பியது.

கோன்யாவிலிருந்து அனத்தோலியாவை ஆண்ட செல்ஜூக் துருக்கியர் பக்கம் இதைவிட வளமானது. அரசச் சின்னம், மசூதி வாசல், அரண்மனைச் சுவரில் பதித்த ஓடு என எல்லா இடத்திலும் இருக்கிறது. 1228-29இல் கட்டிய திவ்ரிகி மசூதியின் மேற்கு வாசலில் இருதலைக் கழுகும் ஒற்றைத்தலைப் பறவையும் அருகருகே இருக்கின்றன. குபாதாபாத் அரண்மனை ஓடுகளில் நட்சத்திர வடிவத்துக்குள் நீலமும் கறுப்புமாக இதே பறவை. கோன்யாவுக்குப் போகிறவர்கள் இஞ்சே மினாரே மதரசாவில் இருக்கும் கோட்டைச் சுவர்க் கல்லையும் காராத்தாய் மதரசாவில் இருக்கும் ஓடுகளையும் விடாமல் பார்க்க வேண்டும்.

செப்புக்காசு எழுதியது:

இடைவெளியைப் பற்றி ஒரு வார்த்தை. ஹிட்டைட் பேரரசு கி.மு. 1200ஐ ஒட்டி வீழ்ந்தது. செல்ஜூக் கழுகு கி.பி. 13ஆம் நூற்றாண்டு. நடுவில் 2400 ஆண்டு. அதே அனத்தோலியா மண் என்பதற்காக நேர்க்கோடு போட்டுவிட முடியாது. சிர்காப் கி.பி. முதல் நூற்றாண்டு, ஜான் மார்ஷல் தோண்டியது. அங்குள்ள பௌத்தத் தூபி ஒன்றின் அடித்தளத்தில் கிரேக்க முக்கோண முகப்பும் இந்தியத் தோரணமும் சைத்திய வளைவும் பக்கத்துப் பக்கத்து மாடங்களில் இருக்கின்றன, வளைவு ஒன்றின் உச்சியில் இருதலைக் கழுகு. மூன்று நாட்டு வாசல்களை ஒரே சுவரில் நிறுத்திய ஊருக்கு இருதலைப் பறவை வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. ஆனால் அது ஒரு கண்ணி, சங்கிலி ஆகாது.

தானே தோன்றும் என்பதற்குப் பெருவைப் பாருங்கள். பாராகாஸ் இடுகாட்டில் 1927இல் ஹூலியோ தெல்லோ கண்டெடுத்த போர்வைகளில் இருதலைப் பறவைகள் பூத்தையலாக இருக்கின்றன, 2000 ஆண்டு பழமை. ஹத்துசாவுக்கும் பாராகாசுக்கும் நடுவில் பெருங்கடல். தறிமேடை கவனிக்க: அங்கே இழுப்புத்தறி கிடையாது. ஊசியால் ஒவ்வொரு தையலாகப் போட்டும் இரட்டைத் தலையைத் தேர்ந்திருக்கிறார்கள்.

தறிமேடை எழுதியது:

ஏற்கிறேன். ஊசிக்குக் கட்டாயம் இல்லை, விருப்பம். தறி அந்த விருப்பத்தை மலிவாக்கி ஊரெல்லாம் கொண்டுபோனது என்று சொன்னால் சரியாக இருக்கும்.

செப்புக்காசு அவர்களே, ஒரு கேள்வி. கண்ணாடித் திருப்பமும் இல்லாமல், அக்ரகாஸ் போல உயிர்ச் சோடியும் இல்லாமல், வேறு வகையில் இரட்டித்த உருவம் காசில் உண்டா? எங்கள் தறியில் வராத ஒன்றைப் பார்க்க ஆசை.

செப்புக்காசு எழுதியது:

உண்டு, அதிலும் கழுகு இருக்கிறது. கருங்கடல் கரையில் இஸ்த்ரோஸ், இன்றைய ருமேனியா, மிலேத்தஸ் நகரத்தார் குடியேறிய ஊர். கி.மு. 4ஆம் நூற்றாண்டு வெள்ளிக் காசில் ஒரு பக்கம் இரண்டு இளைஞர் முகங்கள் நேராகப் பார்க்கின்றன, பக்கம் பக்கமாக ஒட்டியபடி, அதில் ஒன்று தலைகீழ். மறுபக்கம் கடற்கழுகு டால்பின் மேல் நின்று கொத்துகிறது. அந்த இரண்டு முகத்துக்கும் சொல்லாத விளக்கமில்லை: இரட்டையர் தெய்வங்கள், எழும் விழும் சூரியன், தன்யூப் ஆறு கடலில் சேரும் கிளைகள். காசைக் கையில் வைத்துப் பாதிச் சுற்றுத் திருப்பினால் நிமிர்ந்த முகம் தலைகீழாகவும் தலைகீழ் முகம் நிமிர்ந்தும் மாறி, அதே படம் திரும்பி வருகிறது. எந்தப் பக்கம் மேல் என்று அந்தக் காசுக்குக் கிடையாது.

தறிமேடை எழுதியது:

படத்தைத் தேடிப் பார்த்துவிட்டேன். நடுக்கோட்டில் மடிக்க முடியாத உரு, ஆகவே பாதி கிராப் உதவாது. மூக்கும் கன்னமும் கண்ணும் முழுதாக எழுத வேண்டும், முழு அகலத்துக்கும் தனித்தனிக் கொக்கி. ஊடை வாக்கில் மட்டும் ஒரு வழி இருக்கிறது: முதல் முகத்துக்குக் குத்திய அட்டைக் கட்டையே பின்னோக்கி ஓடவிட்டால் தலைகீழ் முகம் விழும். ஆனால் அது கீழே விழும், பக்கத்தில் விழாது. பக்கத்தில் வேண்டுமென்றால் இரண்டு முகத்துக்கும் அட்டை புதிதாகக் குத்தியாக வேண்டும். 240 பெட்டி போதாது, இரண்டு பெட்டி கட்ட வேண்டும்.